மூச்சும் கழிவும்: விலங்குகளின் உடற்செயலைக் கண்ணால் பார்த்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

விலங்குகள் எவ்வாறு சுவாசிக்கின்றன என்பதையும், உடலில் சேரும் கழிவை எவ்வாறு வெளியேற்றுகின்றன என்பதையும் பாடப்புத்தகங்கள் தனித்தனி அதிகாரங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தேர்வுக்கு அது வசதிதான். விலங்கைப் புரிந்துகொள்வதற்கு அது இடையூறு. இரண்டு வேலைகளுக்கும் அடியில் இருப்பது தண்ணீர்ப் பிரச்சினை ஒன்றே. ஈரமான பரப்பில் கரையாமல் ஆக்சிஜன் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. ஈரமான பரப்பைக் காற்றுக்குத் திறந்துவைத்தாலோ உடல் வறண்டுபோகும். கழிவை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீரைச் செலவழித்துவிட்டாலோ நிலத்தில் உயிர் வாழ முடியாது. ஒவ்வொரு விலங்கும் இந்த வரவுசெலவை எப்படிச் சரிக்கட்டுகிறது என்று பார்த்தால், நுரையீரலும் சிறுநீரகமும் மனப்பாடம் செய்ய வேண்டிய படங்களாக இல்லாமல், ஒரே கேள்விக்கான விடைகளாகத் தெரியத் தொடங்கும்.

இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மீன்கடை, தண்ணீர்த் தொட்டி, வீட்டுச் சுவர், கறிக்கடை ஆகிய நான்கு இடங்களும், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஒரு குறிப்பேடும் போதும். இதற்காக எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை.

படி 1: சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மூச்சுவிடுதல் வேறு, செல்சுவாசம் வேறு. காற்றையோ நீரையோ உள்ளே இழுத்து வெளியே விடுவது மூச்சு. அதிலிருந்து வந்த ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரித்து ஆற்றல் எடுப்பது செல்லுக்குள் நடக்கும் சுவாசம். மண்புழு மூச்சு வாங்குவதில்லை, ஆனாலும் சுவாசிக்கிறது.

அதேபோல் மலம் வேறு, கழிவு வேறு. மலத்தின் பெரும்பகுதி செரிக்காத உணவும் குடல் பாக்டீரியாக்களும் ஆகும். அது குடல்வழியே கடந்து போனதே தவிர, உடலின் செல்களுக்குள் நுழையவே இல்லை. செல்கள் வேலை செய்ததால் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, பிறகு பிரித்து வெளியேற்றப்படுவதே உண்மையான கழிவு. அந்தக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடும் கழிவுதான். ஆகவே நுரையீரலும் ஒரு கழிவுநீக்க உறுப்பே. மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் நிறமி என்பதால், மலத்திலும் சிறிது உண்மையான கழிவு உண்டு.

மீதமிருக்கும் பெரிய கழிவு நைட்ரஜன். புரதத்தை எரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, அது நச்சு. அதை அப்படியே வெளியேற்றலாம், யூரியாவாக மாற்றலாம், அல்லது யூரிக் அமிலமாக மாற்றலாம். ஒரு கிராம் நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். யூரியாவாக என்றால் சுமார் 50 மில்லிலிட்டர். யூரிக் அமிலமாக என்றால் 10 மில்லிலிட்டர் அளவே போதும். ஆனால் தண்ணீர்ச் செலவு குறையக் குறைய, அந்தப் பொருளைத் தயாரிக்க ஆகும் ஆற்றல் செலவு கூடிக்கொண்டே போகும். இந்த மூன்று எண்களையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; பின்வரும் படிகள் எல்லாவற்றிலும் இவை திரும்ப வரும்.

படி 2: விலங்கின் பருமனைப் பாருங்கள்

ஆக்சிஜன் தானாகப் பரவி நுழையக்கூடிய ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்பது டென்மார்க்கைச் சேர்ந்த அகஸ்ட் குரோ காலத்திலிருந்தே அறியப்பட்ட கணக்கு. நுண்இரத்தக்குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக அவர் 1920-இல் நோபல் பரிசு பெற்றவர். அமீபாவுக்கும் பிளனேரியா எனும் தட்டைப்புழுவுக்கும் மூச்சு உறுப்பு ஏன் இல்லை என்பதற்கு அந்த ஒரு மில்லிமீட்டரே விடை. ஆனால் நன்னீரில் வாழும் அமீபாவுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். அதன் சுருங்கும் நுண்குமிழி முதன்மையாகச் செய்வது அந்த உபரி நீரை இறைத்து வெளியே கொட்டும் வேலை. அம்மோனியா பெரும்பாலும் உடற்பரப்பு வழியாகவே கசிந்து போய்விடும்.

மண்புழு ஒரு மில்லிமீட்டரைவிடப் பருமனானது. எனவே தோல்வழியே நுழையும் ஆக்சிஜனை உள்ளே கொண்டுசெல்ல அதற்கு இரத்தம் தேவைப்படுகிறது. அந்த இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு, ஆனால் அது அணுக்களுக்குள் இல்லாமல் பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. தோல் காய்ந்தால் ஆக்சிஜன் நுழைவது நின்றுவிடும் என்பதால்தான் வெயிலில் சிக்கிய புழு சிறிது நேரத்தில் இறக்கிறது. அதன் கழிவை வடிகட்டுபவை நெஃப்ரீடியங்கள் எனும் நுண்ணிய சுருள்குழல்கள்.

படி 3: மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பாருங்கள்

மீன் வாங்கத் தெரிந்தவர்கள் செவுள்மூடியைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள், ஆனால் சற்று நேரம் கூடுதலாகப் பாருங்கள். ஒவ்வொரு செவுள் வளைவிலும் சீப்பின் பற்களைப் போல இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இழையைத் தண்ணீரில் விரித்து உருப்பெருக்கியில் பார்த்தால், அதன்மேல் இன்னும் நுண்ணிய தகடுகள் வரிசையாக நிற்பதை உணரலாம். அந்தத் தகடுகளில் இரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் அதற்கு எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. இந்த எதிரோட்டத்தால், இரத்தம் எந்த இடத்திலும் தன்னைவிட ஆக்சிஜன் மிகுந்த நீரையே சந்திக்கிறது.

இவ்வளவு ஏற்பாடு ஏன் என்றால், தண்ணீரில் ஆக்சிஜன் அவ்வளவு அரிது. ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். காற்றிலிருந்து நாம் எடுப்பது அதிலுள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். நீரில் உள்ளதில் 80 விழுக்காடு வரைகூட மீன் எடுத்துவிடும். வீட்டில் மீன்தொட்டி இருந்தால், காலையில் ஒரு முறையும் மதிய வெப்பத்தில் ஒரு முறையும் செவுள்மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். ஆகவே எண்ணிக்கை ஏறும்.

கழிவுக்கும் செவுளே வாசல். மீனின் அம்மோனியாவில் பெரும்பகுதி சிறுநீரில் போவதில்லை. செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலந்துவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது யூரியா தயாரிக்க எதற்கு வீண்செலவு? புதிதாக அமைத்த தொட்டியில் நிறைய மீன்களை ஒரே நாளில் விட்டால் சில நாட்களில் அவை செத்து மிதப்பதற்குப் பல வேளைகளில் காரணம் இந்த அம்மோனியாவே. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும்.

மீன்கடையில் விதிவிலக்குகளையும் தேடுங்கள். விரால் தண்ணீர் குறைந்த வாளியிலும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் என்பதே. மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துவிடும். பனையேறிக் கெண்டையும் அத்தகையது. தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனியின் பணியில் இருந்த டால்டார்ஃப், 1791-இல் அந்த மீனைப் பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே பிடித்ததாகப் பதிவுசெய்தார். மரம் ஏறுவது அதன் வழக்கம் என்று கொள்ள வேண்டாம். செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் அது நகர்ந்து போவது மட்டும் உறுதி. சுறாவின் கதை வேறு. கடலின் உப்பு தன் உடல்நீரை உறிஞ்சிவிடாமலிருக்க அது யூரியாவை வெளியேற்றாமல் இரத்தத்திலும் தசையிலும் தேக்கிவைத்துக்கொள்கிறது. இறந்தபின் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைப்பதால்தான் பழைய சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறது. சுறாப்புட்டுக்கு மீன் வாங்குபவர்கள் முகர்ந்து பார்ப்பது உண்மையில் ஒரு வேதியியல் சோதனை.

நண்டு கழுவும்போது ஓட்டைப் பிரித்ததும் இரு புறமும் பஞ்சுபோல் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எறிவார்களே, அவையே அதன் செவுள்கள். இறாலின் முதுகில் கறுப்பாக ஓடும் "நரம்பு" நரம்பன்று, குடல். அதன் சிறுநீர்ச் சுரப்பியோ தலையில், உணர்கொம்பின் அடியில் இருக்கிறது.

படி 4: தண்ணீர்த் தொட்டியும் கரப்பான்பூச்சியும்

மூடாத தொட்டியில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். வால்பக்கம் இருக்கும் குழல் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுவே அவற்றின் மூச்சுக்குழல். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் கொசுவின் புழுவுக்கு அந்தக் குழல் இல்லை. ஆகவே அது பரப்புக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும். நீர்மேல் எண்ணெய் ஊற்றினால் புழுக்கள் சாவதற்குக் காரணம், எண்ணெய் அவற்றின் மூச்சுத்துளைகளை அடைப்பதே. பார்த்து முடித்ததும் தொட்டியைக் காலிசெய்து மூடிவிடுங்கள்.

செத்துக்கிடக்கும் கரப்பானை மல்லாக்கப் புரட்டி, உடலின் ஓரங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். மார்பில் 2 இணை, வயிற்றில் 8 இணை என 10 இணை சுவாசத்துளைகள் அதற்கு உண்டு. துளைகளிலிருந்து கிளைக்கும் குழல்கள் காற்றைச் செல்களின் வாசல் வரை கொண்டுபோய்விடுவதால், ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதன் இரத்தத்துக்கு இல்லை. அதனால் அந்த இரத்தத்துக்குச் சிவப்பு நிறமும் இல்லை. தலை துண்டான கரப்பான் நாட்கணக்கில் உயிரோடிருப்பதில் மாயமில்லை. அது தலையால் மூச்சுவிடுவதே இல்லை. அந்தத் துளைகளை மூடித் திறக்க வால்வுகள் உண்டு. தேவையற்ற நேரத்தில் மூடிவைத்தால் ஈரம் மிச்சம்.

பூச்சிகளின் கழிவைப் பிரிப்பவை நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடத்தில் தொங்கும் மால்பிஜியன் குழல்கள். அவை வடித்ததைப் பின்குடலில் விடும். மலக்குடல் அதிலிருந்து தண்ணீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். கரப்பான் யூரிக் அமிலத்தை வெளியேற்றும் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியைத் தன் கொழுப்புத்திசுவில் சேமித்துவைக்கிறது, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரஜனை மீண்டும் பயன்படும் பொருளாக மாற்றித் தருகின்றன. ஒன்றுமில்லாத மூலைகளிலும் கரப்பான் பெருகுவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

படி 5: மழைக்காலத்தில் ஒரு தலைப்பிரட்டையைப் பின்தொடருங்கள்

தண்ணீரிலிருந்து நிலத்துக்கு வந்த பயணத்தைச் சில வாரங்களில் காட்டுவது தவளை. தலைப்பிரட்டை செவுளால் மூச்சுவிட்டு, மீனைப்போலவே அம்மோனியாவை வெளியேற்றும். கால்கள் முளைத்து, வால் சுருங்கி, நிலத்தில் ஏறும் காலத்தில் செவுள் மறைந்து நுரையீரல் வேலை செய்யத் தொடங்குகிறது. அதே சமயத்தில் கல்லீரல் யூரியா தயாரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். முதல் பத்தியில் சொன்ன வரவுசெலவு இதுதான்.

வளர்ந்த தவளையின் தொண்டை ஓயாமல் துடிப்பதைக் கவனியுங்கள். அதற்கு விலா எலும்புக்கூடும் இல்லை, உதரவிதானமும் இல்லை. வாயின் அடித்தளத்தை இறக்கி மூக்குத்துளை வழியே காற்றை வாய்க்குள் நிரப்பி, பிறகு மூக்கை அடைத்து, அடித்தளத்தை உயர்த்திக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நாம் காற்றை இழுக்கிறோம், தவளை விழுங்குகிறது. ஈரத்தோல் வழியாகவும் அது சுவாசிக்கும்.

படி 6: சுவரில் பல்லி, கிளையில் பறவை

பல்லியின் எச்சத்தை அருவருப்பில்லாமல் ஒருமுறை பாருங்கள். கறுப்பான துண்டின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். கறுப்பு மலம், வெள்ளை அதன் சிறுநீர். யூரிக் அமிலம் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது என்பதால் படிகமாகப் படிந்துவிடும். நீரின் பெரும்பகுதி உடலுக்குள் திரும்பிவிடும். வேறுபடுத்திச் சொன்ன மலமும் கழிவும் ஒரே துண்டில் இரு நிறங்களாக அருகருகே இருப்பதைக் காட்ட இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. காக்கையின் எச்சத்திலும் வெள்ளை அதுவே.

யூரிக் அமிலம் முட்டைக்கும் ஏற்றது. கோழிக்குஞ்சு 21 நாட்கள் ஓட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. அதன் கழிவு வெளியே போக வழியில்லை. அம்மோனியாவாக இருந்தால் அதுவே கருவைக் கொன்றுவிடும். கரையாத படிகமோ ஒரு பையில் ஓரமாகக் கிடக்கும், யாருக்கும் தொல்லையில்லை.

பறவையின் மூச்சு இந்த வழிகாட்டியிலேயே மிக வியப்பானது. அதன் நுரையீரல் நம்முடையதைப்போல் விரிந்து சுருங்குவதில்லை. உடலெங்கும் பரவிய காற்றுப்பைகள், பெரும்பாலான பறவைகளில் ஒன்பது, துருத்திகளாக வேலை செய்கின்றன. முதல் மூச்சில் இழுத்த காற்று பின்பைகளுக்குப் போகிறது. அது வெளிமூச்சில் நுரையீரலைக் கடக்கிறது. அடுத்த உள்மூச்சில் முன்பைகளுக்குப் போய், அதன்பின் வரும் வெளிமூச்சில்தான் உடலைவிட்டு நீங்குகிறது. ஆக, நுரையீரலுக்குள் காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. பழைய காற்றும் புதிய காற்றும் கலப்பதில்லை. குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள், காற்று மெலிந்த இமயத்தைக் கடந்து பறக்க இந்த ஏற்பாடு துணைசெய்கிறது. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள உழவர்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவந்ததற்கு, எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமானது ஒரு முக்கியக் காரணம்.

கடலாமையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் கண்களிலிருந்து நீர் வழிவதைப் பார்த்தவர்கள், அது வலியால் அழுவதாகச் சொல்வதுண்டு. அது கண்ணருகே உள்ள உப்புச் சுரப்பியின் வேலை. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத உப்பு அந்த வழியே போகிறது.

படி 7: கறிக்கடையிலிருந்து நுரையீரலும் குண்டிக்காயும்

கடைக்காரரிடம் சொல்லிவைத்து, மூச்சுக்குழாயோடு சேர்ந்த ஆட்டு நுரையீரலும், கொழுப்பு நீக்காத ஒரு குண்டிக்காயும், அதாவது சிறுநீரகமும், வாங்குங்கள். கையுறை அணிந்து, பழைய செய்தித்தாளின்மேல் வேலை செய்யுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முதலில் நுரையீரலை ஒரு வாளி நீரில் போடுங்கள், மிதக்கும். இரத்தக்குழாய்களையும் காற்றறைகளையும் தவிர அதில் அதிகமில்லை. மூச்சுக்குழாயை விரலால் தடவினால் குருத்தெலும்பு வளையங்கள் தட்டுப்படும். அவை முழு வட்டமில்லை, பின்புறம் திறந்த இலாட வடிவம். சைக்கிள் பம்பின் குழாயை உள்ளே செருகிக் கட்டி, மெதுவாக அடித்தால் நுரையீரல் இளஞ்சிவப்பாக விரியும். வாயால் ஊதக் கூடாது. பிறகு மூச்சுக்குழாயைக் கத்தரித்துக்கொண்டே உள்ளே போங்கள். இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிவதற்கு முன்பே, வலப்பக்க மேல்மடலுக்குத் தனியாக ஒரு கிளை பிரிவதைக் காண்பீர்கள். அசைபோடும் விலங்குகளில் இது இயல்பு. மனிதரில் இயல்பாக இராது.

மனித நுரையீரலில் சுமார் 30 கோடி காற்றறைகள் இருப்பதாகக் கணக்கிடுவர். விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பு. அந்த ஈரப்பரப்பை உடலின் ஆழத்தில் மடித்து ஒளித்துவைத்திருப்பது வறட்சியிலிருந்து காக்கத்தான். அப்படியும் வெளிமூச்சில் ஈரம் போகிறது. கண்ணாடிமேல் ஊதினால் தெரியும்.

இனி குண்டிக்காய். மேலுள்ள மெல்லிய உறையை உரித்துவிட்டு, அவரை விதையைப் பிளப்பதுபோல் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வெளிப்பட்டை அடர்ந்த செம்பழுப்பாக, பொடிப்புள்ளிகள் கொண்டதாக இருக்கும். உட்பகுதியில் நடுவை நோக்கி ஓடும் கோடுகள் தெரியும். நடுவே வெண்மையான குழி, அதிலிருந்து சிறுநீர்க்குழாய். அந்தப் பொடிப்புள்ளிகளை 17-ஆம் நூற்றாண்டில் விவரித்த இத்தாலியர் மார்செல்லோ மால்பிஜியின் பெயரே பூச்சிகளின் குழல்களுக்கும் வந்தது. 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்இரத்தக்குழாய்களைக் கண்டு எழுதியவரும் அவரே.

ஒவ்வொரு புள்ளியும் நுண்குழாய்களின் முடிச்சு. அங்கே இரத்தம் அழுத்தத்தோடு வடிகட்டப்படுகிறது. மனிதரின் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன; வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவே. வேண்டாததைப் பொறுக்கி எறிவதற்குப் பதில், எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துவைக்கும் முறை இது. வீடு காலிசெய்வதைப் போல. அறிமுகமில்லாத நச்சு உள்ளே வந்தாலும் தனியே அடையாளம் காணத் தேவையில்லாமல் வெளியேறிவிடும் என்பது இதன் சிறப்பு. உட்பகுதியில் பார்த்த கோடுகள் கொண்டையூசிபோல் வளைந்து திரும்பும் குழல்கள். இறங்கும் ஓட்டமும் ஏறும் ஓட்டமும் எதிரெதிராக அமைவதால் அங்கே உப்பு செறிந்து, சிறுநீரிலிருந்து தண்ணீரை மீட்க முடிகிறது. செவுளில் கண்ட அதே எதிரோட்டம்.

யூரியாவைத் தயாரிப்பது சிறுநீரகமன்று, கல்லீரல். அந்தச் சுழற்சியை 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் விளக்கினார்கள். வயலில் ஆட்டுக்கிடை போடும்போது மண்ணில் சேரும் யூரியாவும், உரக்கடை மூட்டையில் வரும் யூரியாவும் ஒரே மூலக்கூறு. புரதம் குறைந்த தீவனம் கிடைக்கும் நாட்களில் ஆடு தன் யூரியாவின் ஒரு பகுதியை எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் திரும்ப அனுப்பி, அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாக்கி, அவற்றைப் பின்பு தானே செரித்துக்கொள்கிறது.

படி 8: புதிய விலங்கைச் சோதித்துப் பாருங்கள்

இப்போது ஓங்கில் எனப்படும் டால்பினை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் வாழ்கிறது என்று மட்டும் பார்த்தால் செவுளும் அம்மோனியாவும் என்று விடையெழுதத் தோன்றும், இரண்டும் தவறு. அதன் மூதாதையர் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள் என்பதால், நுரையீரலும் யூரியாவுமே அதற்கு வாய்த்தவை. எனவே வாழிடத்தோடு பரம்பரையையும் கேட்க வேண்டும். தலையுச்சியில் இருக்கும் மூக்குத்துளையை நீருக்கு மேலே கொண்டுவந்து, ஒரே மூச்சில் நுரையீரல் காற்றின் பெரும்பகுதியை மாற்றிக்கொள்கிறது. உப்புக்கடலின் நடுவே அதற்கு வேண்டிய தண்ணீரின் பெரும்பங்கு உண்ணும் மீனிலிருந்தும், அந்த உணவை எரிக்கும்போது உண்டாகும் நீரிலிருந்தும் கிடைக்கிறது. அதன் சிறுநீரகமோ ஆட்டினுடையதைப்போல் வழுவழுப்பான ஒற்றை விதையாக இல்லாமல், நூற்றுக்கணக்கான குட்டிச் சிறுநீரகங்கள் திராட்சைக் குலைபோல் சேர்ந்ததாக இருக்கும்.